எந்தக் கட்சியும் சாராத அமெரிக்க வாக்காளர் எதைப் பார்த்து வாக்களிக்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வட கரோலினாவில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கிய பிறகு வாக்காளராகப் பதிவு செய்தபோது, படிவத்தில் கட்சி கேட்கும் இடத்தில் ‘எந்தக் கட்சியும் சாராதவர்’ என்ற கட்டத்தை நிரப்பினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்வார். “இந்தத் தடவை உன்னை மாதிரி ஆட்கள் யாருக்குப்பா போடப்போறீங்க?” என்பதுதான் முதல் கேள்வி. அவரும் இங்குள்ள நண்பர்களும் பல வருடங்களாகக் கேட்டவற்றைச் சேர்த்து, பதிலோடு எழுதி வைக்கிறேன்.

வாக்காளர் பதிவிலேயே கட்சி இருக்குமா? நம் ஊரில் அப்படி இல்லையே?

அமெரிக்காவில் ஏறக்குறைய 30 மாநிலங்களில் இருக்கிறது. பதிவு செய்யும்போதே ஜனநாயகக் கட்சியா, குடியரசுக் கட்சியா, வேறு கட்சியா, எதுவும் இல்லையா என்று கேட்டுவிடுவார்கள். இது நம் ஊர் கட்சி உறுப்பினர் அட்டை போன்றது கிடையாது. சந்தா இல்லை, எந்தக் கடமையும் இல்லை. நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தலில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். டெக்சஸ், ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் பதிவில் கட்சியே கேட்பதில்லை.

பெயரும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாசசூசெட்ஸில் ‘கட்சியில் சேராதவர்’, நியூ ஹாம்ப்ஷயரில் ‘அறிவிக்காதவர்’, கலிபோர்னியாவில் ‘கட்சி விருப்பம் இல்லாதவர்’. செய்திகளில் எல்லோரையும் சேர்த்து ‘இண்டிபெண்டண்ட்’ என்கிறார்கள். தமிழில் சுயேச்சை என்றால் வேட்பாளர் நினைவுக்கு வந்துவிடும் என்பதால் ‘கட்சி சாராதவர்’ என்றே எழுதுகிறேன்.

இவர்கள் எத்தனை பேர்?

கேலப் நிறுவனம் பல பத்தாண்டுகளாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறது: அரசியலில் இன்றைய தேதிக்கு உங்களைக் குடியரசுக் கட்சிக்காரர் என்று கருதுகிறீர்களா, ஜனநாயகக் கட்சிக்காரர் என்றா, சாராதவர் என்றா? 2024-இல் 43 சதவீதம் பேர் சாராதவர் என்றார்கள். இரண்டு கட்சிகளுக்கும் ஆளுக்கு 28 சதவீதம்தான். பார்த்தால் இவர்கள்தான் நாட்டின் மிகப் பெரிய கட்சி போலத் தெரியும்.

ஆனால் கணக்கெடுப்பவர்கள் அதோடு போனை வைப்பதில்லை. ‘சரி, இரண்டில் எதன் பக்கம் கொஞ்சம் சாய்வீர்கள்?’ என்று அடுத்த கேள்வி வரும். அங்கேதான் பெரும்பாலோர் ஒரு பக்கம் சொல்லிவிடுவார்கள். பியூ ஆய்வு மையம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையில் 38 சதவீதம் பேர் சாராதவர்கள். இரண்டாவது கேள்விக்கும் எந்தப் பக்கமும் இல்லை என்றவர்கள் சுமார் 7 சதவீதம் மட்டுமே. அந்த ஏழிலும் நிறையப் பேர் வாக்குச் சாவடிக்கே போவதில்லை. 2018-இல், அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்ததாகச் சொன்னவர்கள் அவர்களில் மூன்றில் ஒரு பங்குதான்.

ஆக, 43 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ‘பாதி அமெரிக்கா மதில் மேல் பூனை’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாய்பவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் தங்கள் பக்கத்துக்கே போடுகிறார்கள். இதை அரசியல் அறிஞர்கள் 1990-களிலேயே தரவுகளோடு காட்டிவிட்டார்கள்.

ஒரே பக்கம்தான் போடுவார்கள் என்றால் கட்சிப் பெயரைச் சொல்ல என்ன தயக்கம்?

கட்சி என்ற சொல்லுக்கே இங்கே மரியாதை குறைந்துவிட்டது. குடும்ப விருந்தில் அரசியல் பேச்சு வந்தால் சண்டை, அலுவலகத்தில் வந்தால் சங்கடம். கட்சிப் பெயரைச் சொன்னால் தொலைக்காட்சியில் கத்துகிற ஆட்களோடு தன்னையும் சேர்த்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் வெளியே சாராதவர், உள்ளே சாய்ந்தவர்.

இன்னொரு காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. சாய்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், தங்கள் பக்கத்தின் கொள்கை பிடித்ததைவிட, எதிர்க் கட்சியின் கொள்கை நாட்டைக் கெடுத்துவிடும் என்ற பயத்தையே பெரிய காரணமாகச் சொல்கிறார்கள். ‘நீங்கள் எந்தக் கட்சி?’ என்று கேட்டால் பதில் வராது. ‘எந்தக் கட்சி வரவே கூடாது?’ என்று கேட்டுப் பாருங்கள், உடனே வரும். ஒருவரைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாவது கேள்விதான் உதவும் என்பது என் அனுபவம்.

அந்த 7 சதவீதத்தினராவது கொள்கையில் நடுவில் நிற்பவர்களா?

சிலர் அப்படித்தான். ஆனால் நிறையப் பேரிடம் இருப்பது நடுவான கருத்துகள் இல்லை, கலவையான கருத்துகள். துப்பாக்கி உரிமையில் கடும் வலதுபுறம் நிற்பவர், மருந்து விலையை அரசு கட்டுப்படுத்த வேண்டும் என்பார். எல்லையில் சுவர் வேண்டும் என்பவர், கருக்கலைப்பில் அரசு தலையிடக் கூடாது என்பார். அவரை இரண்டு கட்சிகளுக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்து நிறுத்த முடியாது. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒவ்வொரு இடத்தில் நிற்கிறார். அந்த வருடம் எந்த விஷயம் அவர் வீட்டுக்குள் நுழைகிறதோ, அதுதான் அவர் கையைப் பிடித்து வாக்களிக்க வைக்கிறது.

பெரும்பாலும் வீட்டுக்குள் நுழைவது எது?

விலைவாசி. வேறு எதுவும் பக்கத்தில்கூட வராது.

1980 அக்டோபரில் கிளீவ்லாந்து விவாத மேடையில் ரொனால்ட் ரேகன் மக்களைப் பார்த்துக் கேட்டார்: நான்கு வருடங்களுக்கு முன் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா? எந்தப் பக்கமும் இல்லாதவர் மனதுக்குள் போடும் கணக்கு இன்றும் இதுதான். கட்சிக்காரருக்குத் தன் ஆள் ஆட்சியில் இருந்தால் பொருளாதாரம் நன்றாகத் தெரியும், எதிராளி இருந்தால் மோசமாகத் தெரியும். ஆட்சி மாறிய மறுமாதமே இந்தப் பதில்கள் தலைகீழாவதைக் கருத்துக்கணிப்புகளில் பார்க்கலாம். சாராதவருக்கு அந்தக் கண்ணாடி இல்லை. அவர் கடை ரசீதைப் பார்க்கிறார்.

2022 ஜூனில் அமெரிக்காவில் ஆண்டுப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. 40 வருடங்களில் அவ்வளவு ஏறியதில்லை. 2024 அக்டோபரில் 2.6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ‘பணவீக்கத்தை அடக்கிவிட்டோம்’ என்று அப்போது ஆண்ட ஜனநாயகக் கட்சி சொன்னது. புள்ளிவிவரப்படி அது பொய்யில்லை. ஆனால் பணவீக்கம் இறங்கினால் விலை ஏறும் வேகம் குறையுமே தவிர, ஏறிய விலை இறங்காது. 2021 தொடக்கத்திலிருந்து பார்த்தால் மொத்த விலைவாசி சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் மளிகைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். மருத்துவமனைச் சீருடை, இரவுப் பணி முடிந்த முகம். பில் போட்டு முடித்த பிறகு திரையில் வந்த தொகையைப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் மாட்டிறைச்சிப் பொட்டலத்தை எடுத்துத் தனியே வைத்து, அதை மட்டும் கழித்துவிடச் சொன்னார். அவர் யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் 2.6 என்ற எண்ணை வைத்து யாராவது அவரிடம் வாதாடியிருந்தால் அது அவர் காதில் ஏறியிருக்காது. ஏறாததற்கு அவர் அறியாமை காரணமில்லை. அவர் தன் வாழ்க்கையைச் சரியாகத்தான் அளந்தார்.

2020-இல் எக்ஸிட் போல் கணக்குப்படி சாராதவர்கள் ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கு 54, குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு 41 என்று போட்டார்கள். 2024-இல் ஹாரிஸுக்கு 49, டிரம்புக்கு 46. பதின்மூன்று புள்ளி முன்னிலை மூன்றாகச் சுருங்கியது. எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழு ஊசலாட்ட மாநிலங்களும் டிரம்ப் பக்கம் போனதில் இந்தச் சுருக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படியென்றால் எப்போதும் ஆளுங்கட்சிக்கு எதிராகத்தான் போடுவார்களா?

கிட்டத்தட்ட அப்படித்தான், அதிலும் இடைத்தேர்தல்களில். அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் நாடாளுமன்றத்துக்கு நடக்கும் தேர்தலை இங்கே இடைத்தேர்தல் என்கிறார்கள். நம் ஊர் இடைத்தேர்தல் வேறு. 2006-இல் குடியரசுக் கட்சியின் புஷ் ஆட்சியின்போது சாராதவர்கள் ஜனநாயகக் கட்சிக்குச் சாய்ந்தார்கள். 2010-இல் ஒபாமா வந்ததும் குடியரசுக் கட்சிக்கு 56, ஜனநாயகக் கட்சிக்கு 37 என்று திரும்பினார்கள். 2018-இல் டிரம்ப் இருந்தார், மறுபடி ஜனநாயகக் கட்சிக்கு 54, எதிராக 42.

2022-இல் மட்டும் இந்த வழக்கம் உடைந்தது. விலைவாசி உச்சத்தில் இருந்தும் சாராதவர்கள் ஆளும் ஜனநாயகக் கட்சிக்கே 49-க்கு 47 என்று மயிரிழையில் கூடுதலாகப் போட்டார்கள். காரணத்தை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கருக்கலைப்பு விவகாரம் இவர்களை எவ்வளவு பாதித்தது?

2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு அரசியலமைப்புப் பாதுகாப்பு கொடுத்த 1973-ஆம் வருடத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆறே வாரத்தில், ஆகஸ்ட் 2 அன்று, கான்சஸில் ஒரு வாக்கெடுப்பு. மாநில அரசியலமைப்பிலிருந்து அந்த உரிமையை நீக்கலாமா என்று கேட்டார்கள். 2020-இல் டிரம்ப் சுமார் 15 புள்ளி வித்தியாசத்தில் வென்ற மாநிலம் அது. அதே நாளில்தான் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலும் நடந்தது. வழக்கமாகச் சாராதவர்கள் அன்று வீட்டில் இருந்துவிடுவார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு எல்லோரும் வாக்களிக்கலாம் என்பதால் திரண்டு வந்தார்கள். நீக்கக் கூடாது என்று 59 சதவீதம் விழுந்தது.

அப்புறம் 2024-இல் அரிசோனாவைப் பாருங்கள். கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கும் தீர்மானம் 61 சதவீதத்துக்கு மேல் வாங்கி நிறைவேறியது. அதே வாக்குச்சீட்டில் டிரம்பும் வென்றார். செனட் இடத்தை ஜனநாயகக் கட்சியின் ரூபன் கயேகோ பிடித்தார். உரிமையைத் தனியாகக் கேள்வியாக வைத்தபோது, அதற்கு ஆம் என்று சொல்லிவிட்டு, அதிபர் இடத்தில் விலைவாசிக்காகப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். இதைக் குழப்பம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு கேள்வி கேட்டார்கள், அவர்கள் இரண்டு பதில் சொன்னார்கள்.

ஆளைப் பார்த்துப் போடுவதும் உண்டா?

உண்டு. இதற்கு என் மாநிலத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இங்கே 2022-இலிருந்து எந்தக் கட்சியும் சாராத பதிவாளர்கள்தான் எண்ணிக்கையில் முதலிடம்; இரண்டு கட்சிகளும் அவர்களுக்குப் பின்னால்.

எங்கள் வாக்குச்சீட்டு நீளமான தாள், இரண்டு பக்கமும் அச்சு. அதிபர், ஆளுநர், துணை ஆளுநர், அட்டர்னி ஜெனரல், மாநில ஆடிட்டர், நீதிபதிகள் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உள்ள சின்ன வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். முன்பெல்லாம் ஒரே வட்டத்தை நிரப்பினால், அதிபர் பதவி தவிர, ஒரு கட்சியின் மற்ற வேட்பாளர்களுக்கு வாக்குப் போய்ச் சேரும் வசதி இருந்தது. 2013-இல் வந்த சட்டம் அதை எடுத்துவிட்டது. இப்போது ஒவ்வொரு பதவிக்கும் கை நின்று நின்றுதான் நகரும். அந்த நிற்கும் நொடியில்தான் மனம் மாறுகிறது என்று நினைக்கிறேன்.

2024-இல் டிரம்ப் இங்கே சுமார் மூன்று புள்ளியில் வென்றார். அதே தாளில் ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைன் ஏறக்குறைய 15 புள்ளியில் வென்றார். குடியரசுக் கட்சி வேட்பாளர் மார்க் ராபின்சனின் பேச்சுகள் முன்பே பலரை முகம் சுளிக்க வைத்திருந்தன. செப்டம்பரில் அவருடைய பழைய இணையப் பதிவுகள் என்று சிஎன்என் ஒரு செய்தி வெளியிட்டது, அவர் மறுத்தார். ஆனால் விஷயம் கைமீறிப் போய்விட்டது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். தாடி, தொப்பி, வாசலில் தக்காளிச் செடி. டிரம்புக்கும் ஸ்டைனுக்கும் போட்டதாக அவரே சொன்னார். ஏன் என்றேன். “அவர் வந்தால் விலை குறையும்னு நம்பறேன். இவர் வந்தா என் பேத்திக்கு முன்னாடி டிவியை அணைக்க வேண்டியிருக்காது” என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் எனக்கு விளக்கியதில்லை.

அதே தேர்தலில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் 734 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பதிவான வாக்குகள் 55 லட்சத்துக்கும் மேல். வழக்கு முடிந்து அவர் வெற்றி உறுதியாக அடுத்த மே மாதம் ஆகிவிட்டது.

இரண்டு வேட்பாளரையும் பிடிக்காவிட்டால்?

2016-இல் எக்ஸிட் போலில் 18 சதவீதம் பேர் கிளின்டன், டிரம்ப் இருவரையுமே பிடிக்கவில்லை என்றார்கள். அவர்கள் டிரம்புக்கு 47, கிளின்டனுக்கு 30 என்று பிரிந்தார்கள். இரண்டும் வேண்டாம் என்ற நிலையில் ஏற்கெனவே பதவியில் இருந்த பக்கத்தை, அதாவது கிளின்டனின் ஜனநாயகக் கட்சியை, தண்டிக்கும் பழக்கம் இங்கேயும் வேலை செய்தது. அந்த வருடம் மிச்சிகன் மாநிலமே 10,704 வாக்கில் முடிவானது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

விளம்பரங்களும் விவாதங்களும் மாற்றுமா?

கொஞ்சம்தான். ஊசலாட்ட மாநிலத்தில் இருந்தால் அக்டோபரில் தபால்பெட்டி தினமும் பளபளப்பு அட்டைகளால் நிரம்பும். பெரும்பாலும் பிரிக்காமலே குப்பைக்குப் போகும். கதவைத் தட்டி ஐந்து நிமிடம் பேசுபவருக்கு இருக்கும் பலன் அட்டைக்கு இல்லை.

சாராதவர்களை வென்றால் தேர்தலை வென்ற மாதிரிதானே?

இல்லை. 2012-இல் சாராதவர்களிடம் குடியரசுக் கட்சியின் ராம்னி 50, ஒபாமா 45. ஜெயித்தது ஒபாமா. 2004-இல் கெர்ரியும் 2024-இல் ஹாரிஸும் சாராதவர்களிடம் லேசாக முன்னிலை பெற்றுத் தேர்தலில் தோற்றார்கள். 2012-க்கு விளக்கம் எளிது: அந்த வருடங்களில் தங்கள் கட்சித் தலைமையோடு மனக்கசப்பில் இருந்த குடியரசுக் கட்சியினர் பலர் தங்களைச் சாராதவர் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். பெயர்ப்பலகை மாறியது, வாக்கு மாறவில்லை.

அதனால்தான் இந்தக் கூட்டத்தின் மொத்த சதவீதத்தைவிட, போன தேர்தலிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பது உபயோகமானது.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலில் இவர்களுக்கு இடம் உண்டா?

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம் இது. நவம்பருக்கு முன் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் தேர்தலை பிரைமரி என்கிறார்கள். வாக்குச் சாவடி, ஊழியர், இயந்திரம் எல்லாம் அரசுச் செலவு. ஆனால் பென்சில்வேனியாவில் கட்சியில் பதிந்தவர்கள் மட்டும்தான் வேட்பாளர் தேர்வில் வாக்களிக்கலாம். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சாராதவர்கள் வரி கட்டிவிட்டு வெளியே நிற்கிறார்கள். பிலடெல்பியா நகரில் 1952-இலிருந்து மேயர் பதவி ஜனநாயகக் கட்சியிடமே இருக்கிறது. அங்கே மேயரை முடிவு செய்வது பிரைமரிதான். அதில் வாக்கு இல்லாதவருக்கு நவம்பரில் கிடைப்பது சடங்கு.

கொலராடோ வேறு வழி பிடித்தது. 2016-இல் மக்கள் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அதன்படி சாராதவர் வீட்டுக்கு ஒரே உறையில் இரண்டு கட்சிகளின் சீட்டுகளும் தபாலில் வரும். ஒன்றை நிரப்பி அனுப்ப வேண்டும். இரண்டையும் அனுப்பினால் இரண்டும் செல்லாது. எங்கள் மாநிலத்திலும் சாராதவர் ஏதாவது ஒரு கட்சிச் சீட்டைக் கேட்டு வாங்கலாம். கட்சியில் பதிந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. இங்கே சாராதவர்கள் பெருகியதற்கு இது ஒரு நடைமுறைக் காரணம்.

பிரைமரியில் இவர்கள் இல்லாவிட்டால் வேட்பாளர்கள் கட்சியின் தீவிர ஆதரவாளர்களை மட்டும் பார்த்துப் பேசுவார்கள். நவம்பரில் சாராதவர் முன்னால் வரும்போது இரண்டு தட்டிலும் அவருக்குப் பிடிக்காத சாப்பாடு இருக்கும். பிறகு ‘இவர்களுக்கு எதிலும் ஆர்வமில்லை’ என்று சொல்வது நியாயமே இல்லை.

இவ்வளவு பேர் இருந்தும் மூன்றாவது கட்சி ஏன் எழவில்லை?

1992-இல் சுயேச்சையாக அதிபர் தேர்தலில் நின்ற ராஸ் பெரோ நாடு முழுவதும் 18.9 சதவீதம் வாங்கினார். ஆனால் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலங்களின் தேர்வாளர்கள்; அவர்கள் வாக்குகளில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். பெரும்பாலான மாநிலங்களில் முதலில் வருபவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் போய்விடுவார்கள். தவிர, சாராதவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போவதும் இல்லை. செனட்டில் சுயேச்சையாக இருக்கும் வெர்மான்ட்டின் பெர்னி சாண்டர்ஸும் மெயினின் ஆங்கஸ் கிங்கும் ஜனநாயகக் கட்சி அணியோடுதான் உட்காருகிறார்கள்.

புதிதாகக் குடியுரிமை வாங்கியிருக்கிறேன். நான் எதைக் குறிப்பது?

எந்தக் கட்சி என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மாநிலத்தில் பிரைமரி விதி என்ன என்று முதலில் பாருங்கள். நியூயார்க்கில் சாராதவராகப் பதிந்தால் பிரைமரியில் வாக்கு இல்லை. கட்சியை மாற்ற நினைத்தால் அந்த வருடம் பிப்ரவரி 14-க்குள் மாற்றியிருக்க வேண்டும், பிரைமரி நடக்கும் ஜூனில் நினைவு வந்தால் பயனில்லை. வட கரோலினாவில் சாராதவராக இருப்பதில் அந்த நஷ்டம் இல்லை. நீங்கள் எந்தக் கட்சிச் சீட்டை வாங்கினீர்கள் என்பது மட்டும் பொதுப் பதிவேட்டில் ஏறும். யாருக்குப் போட்டீர்கள் என்பது ஏறாது.

கலிபோர்னியாவில் இருப்பவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். படிவத்தில் ‘அமெரிக்கன் இண்டிபெண்டண்ட்’ என்று ஒரு பெயர் இருக்கும். அது சாராதவர் கட்டம் இல்லை. 1968-இல் இனப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் அதிபர் தேர்தலில் நின்ற கட்சி அது. ‘இண்டிபெண்டண்ட்’ என்ற சொல்லைப் பார்த்து லட்சக்கணக்கானோர் அதில் பதிந்துவிட்டு, பிறகு தெரிந்து பதறியிருக்கிறார்கள். உங்களுக்கு எந்தக் கட்சியும் வேண்டாம் என்றால் அந்தப் படிவத்தில் ‘கட்சி விருப்பம் இல்லை’ என்ற வரியைத் தேடி அதைக் குறியுங்கள்.